ஊர் திரும்பும் அந்நியர்



திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்தின் அருகே, படிகளே இல்லாமல் சுற்றிச் சுற்றி மேலேறும் செங்கல் கட்டடத்தில் நீங்கள் காபி அருந்தியிருக்கலாம். அந்த இந்தியன் காபி ஹவுஸை வடிவமைத்த லாரி பேக்கர், இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917இல் பிறந்தவர். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். தொழுநோயாளிகளுக்கான மிஷன் பணிக்காக 1945இல் இந்தியா வந்தார். கேரளத்து மருத்துவரான எலிசபெத்தை மணந்து, இமயமலை அடிவாரத்துப் பித்தோராகரில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு, 1970 வாக்கில் இந்நகரில் குடியேறினார். நாலாஞ்சிறையில் தாமே கட்டிய வீட்டில் வாழ்ந்து, 2007 ஏப்ரல் 1ஆம் நாள் தமது தொண்ணூறாம் வயதில் மரித்தார். அவருக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது முதிய வயதில்தான்.  அதுவரை சட்டத்தின் கண்ணுக்கு அவர் அந்நியரே.

இன்று இந்நகருக்கு அந்நியராய் வருகிறவர்களில் பலர் நம்முடைய ஜனங்களே. மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் பிறந்து, லண்டனிலோ நியூயார்க்கிலோ முப்பது ஆண்டுகள் உழைத்து, தலை நரைத்தபின் வேற்று நாட்டுப் பாஸ்போர்ட்டோடு திரும்புகிறார்கள். விமான நிலையம், மருத்துவக் கல்லூரி, ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம், மண்டலப் புற்றுநோய் மையம் ஆகிய யாவும் இந்நகரிலேயே உண்டு. பிறந்த ஊரும் தொலைவில் இல்லை. தமிழ் ஆராதனையும் உண்டு. ஆகையால் இங்கே வீடு தேடுகிறார்கள். வந்தபின்புதான் கேள்விகள் எழும்புகின்றன.

"பாஸ்போர்ட் வெறும் பயணத் தாள்தானே, உள்ளத்தில் நான் இந்தியன் அல்லவா?" என்பார்கள். உள்ளத்தைச் சட்டம் பார்ப்பதில்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, ஒருவர் விரும்பி வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்ற அந்த நேரமே இந்தியக் குடியுரிமை நீங்கிப்போகிறது. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். இத்தகையோருக்காகவே 2005இல் சட்டத் திருத்தத்தோடு விரிவாக்கப்பட்டு நடைமுறைக்கு வந்தது ஓ.சி.ஐ. அட்டை. அது ஆயுட்காலத்துக்கும் செல்லும் விசா; எத்தனை ஆண்டு தங்கினாலும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டியதில்லை. வீடோ ஃபிளாட்டோ வாங்கலாம். வயலும் தோட்டமும் விலைக்கு வாங்க இயலாது. சுதந்தரமாக வருவதைப் பெறலாம். வாக்குரிமை இல்லை. ஐம்பது வயது நிறைந்தபின் புதிய பாஸ்போர்ட் எடுத்தால், அதன் நகலை ஒருமுறை இணையத்தில் ஏற்ற வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நம்முடைய ஜனங்கள் பெரும்பாலும் அறியாத நிபந்தனை ஒன்று உண்டு. 2021 மார்ச் 4ஆம் தேதிய மத்திய அரசின் அறிவிக்கையின்படி, ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர் மிஷனெரிப் பணி செய்வதற்குத் தனி அனுமதி பெற வேண்டும். வெளிநாட்டில் சபை நடத்திய போதகர், "இனி ஓய்வுக்காலம், சொந்த ஜனத்துக்குள் ஊழியஞ்செய்வேன்" என்று வந்து இறங்குகிறார். அடுத்த மாதமே கன்வென்ஷன் நோட்டீசில் அவர் படம் அச்சாகிறது. அனுமதியைப்பற்றி அவரும் கேட்கவில்லை, அழைத்த சபையாரும் கேட்கவில்லை. சபையில் அமர்ந்து ஆராதிப்பதற்குத் தடையில்லை. ஆனால் ஒழுங்காகப் பிரசங்கிக்கவோ சுவிசேஷப் பணி நடத்தவோ எண்ணுகிறவர், திருவனந்தபுரத்து வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தை முன்னதாகவே அணுகி, எழுத்துமூலமாக விண்ணப்பிப்பதே புத்தி. "சாட்சி மட்டும்தானே சொன்னேன்" என்று பின்னர் விளக்கம் கூறும் நிலை ஒருவருக்கும் வர வேண்டாம். சுற்றுலா விசாவில் வந்தவரை மேடையேற்றுவது இதைவிடப் பெரிய ஆபத்து; அவரை நாட்டைவிட்டு அனுப்பிவிடவும் கூடும். கைது வந்தால் ஜெபிப்போம் என்கிற சகோதரருக்கு என் பணிவான மறுமொழி: அதற்கு முன்னே ஒரு விண்ணப்பத்தையும் நிரப்பலாமே!

இந்திய வம்சாவளி அல்லாத வெளிநாட்டவர் நிலை இன்னும் கடினம். நம் தேசத்தில் ஓய்வுபெற்றோருக்கென்று தனி விசா கிடையாது. ஓ.சி.ஐ. உள்ளவரை மணந்த வெள்ளைக்கார மருமகளோ மருமகனோ, பதிவு செய்யப்பட்ட திருமணம் இரண்டு ஆண்டுகள் நீடித்தபின்பே இந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

பணக்காரியத்திலும் ஏமாற்றம் உண்டு. பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் பெறுகிறவர் இந்தியாவில் குடியேறினால், அந்நாட்டில் ஆண்டுதோறும் கூட்டப்படும் தொகை அவருக்குக் கூட்டப்படுவதில்லை. 67 வயதில் கிடைத்த அதே பவுண்டுதான் 87 வயதிலும். அமெரிக்கக் குடிமகனுக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகை இங்கேயும் வந்து சேரும். ஆனால் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு பொதுவாகக் கடல் தாண்டி வருவதில்லை. மருத்துவச் செலவுக்கென்று தனியே ஒதுக்கி வையாமல், ஃபிளாட்டிலே எல்லாவற்றையும் போட்டுவிடாதிருங்கள்.

இனி, பிள்ளைகள் அழைப்பதால் அறுபத்தைந்தில் விமானம் ஏறிப்போய், அவர்கள் வற்புறுத்துவதால் அந்நாட்டுக் குடியுரிமை எடுக்கப்போகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தாவீது ராஜா தம்மோடு எருசலேமுக்கு வரும்படி பர்சிலாவை அழைத்தபோது, எண்பது வயதான அவன், தன் தாய் தகப்பனின் கல்லறை இருக்கும் ஊரிலேயே மரிக்க விரும்பினான். தனக்குப் பதிலாகக் கிம்காமை அனுப்பினான். அவன் ராஜாவை அவமதிக்கவில்லை. தன் வயதை அறிந்திருந்தான். நீங்களும் போங்கள், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுங்கள். கையெழுத்திடுமுன் மட்டும், முதுமையில் எங்கே படுக்கப்போகிறோம் என்று வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள். ஏனெனில் திரும்பும் வழி நீண்டது. ஓ.சி.ஐ. அட்டை பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வாசம்பண்ணியிருக்க வேண்டும். பின்னர் வேற்று நாட்டுக் குடியுரிமையைத் துறக்கவும் வேண்டும்.

கடைசியாக, எவரும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் காரியம். ஏத்தின் புத்திரர் நடுவே தன்னைப் பரதேசி என்று சொல்லிக்கொண்ட ஆபிரகாம், இலவசமாய்த் தருகிறேன் என்ற எப்பெரோனிடத்தில் நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் முன்பாக மக்பேலா நிலத்தை வாங்கினான், சாராளை அடக்கம்பண்ணுவதற்கே. இந்நகரில் நம் சபைகள் பலவற்றுக்குக் கல்லறைத் தோட்டம் போதுமான அளவில் இல்லை. ஆகையால் வந்து குடியேறிய ஆண்டிலேயே சபை மூப்பரிடம் அதைக் கேளுங்கள். அடக்கம் முடிந்தபின் மரணத்தை மாநகராட்சியில் பதிவது போலவே, உங்கள் நாட்டுத் தூதரகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அமெரிக்கக் குடிமக்களுக்கு அது சென்னையில் உள்ள துணைத் தூதரகம். பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. அட்டை, உயில் ஆகியவற்றின் நகல்களை ஓர் உறையிலிட்டு, பிள்ளைகளின் தொலைபேசி எண்களோடு, அருகில் வசிக்கும் நம்பிக்கையான ஒருவர் கையில் இப்போதே கொடுத்து வையுங்கள்.