குரோவேஷியாவின் கடலும் கல்லும்

ஐரோப்பாவில் வெயிலையும் கடலையும் நாடிச் செல்வோர் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போவது நெடுநாளைய வழக்கம். இத்தாலிக்குக் கிழக்கே, அட்ரியாட்டிக் கடலின் மறுகரையில் அமைந்துள்ளது குரோவேஷியா. யூகோஸ்லாவியாவின் பகுதியாக இருந்து, 1991-இல் தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட நாடு அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளும் பாறைத் திட்டுகளும் அதன் கரையோரம் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் மக்கள் நிலையாகக் குடியிருப்பவை ஏறத்தாழ ஐம்பதுதான்.

அங்குச் செல்வோர் கடற்கரை, ஏரிகள், பழைய நகரங்கள் ஆகியவற்றை மூன்று தனித்தனிக் காட்சிகளாகப் பார்த்துத் திரும்புகின்றனர். ஆனால் இம்மூன்றுக்கும் மூலம் ஒன்றே: சுண்ணாம்புக் கல்.

முதலில் கடற்கரை. மணற்பரப்பை எதிர்பார்த்துப் போகிறவர் சற்று ஏமாறுவார். பெரும்பாலும் கூழாங்கல்லே காலில் படும். சுண்ணாம்புப் பாறையில் வெடிப்புகளும் குகைகளும் மிகுதி. மழைநீரில் பெரும்பகுதி அவற்றின் வழியே பூமிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே, வண்டலைச் சுமந்துகொண்டு கடலில் கலக்கும் ஆறுகள் குறைவு. மணல் அருகியிருப்பதற்கும், அடித்தளம் தெரியுமளவு நீர் தெளிந்திருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். பிராச் தீவில் 'பொற்கொம்பு' எனப் பொருள்படும் பெயருடைய கூழாங்கற்கரை கடலுக்குள் நாக்குப் போல நீண்டிருக்கிறது. காற்றும் நீரோட்டமும் மாறுந்தோறும் அதன் முனையும் திசை மாறுகிறது.

கடற்கரையை விட்டு உள்நாட்டு மலைக்காடுகளுக்குச் சென்றால் பிளிட்விட்சே ஏரிகளைக் காணலாம். படிப்படியாக இறங்கும் பதினாறு ஏரிகள், இடையிடையே அருவிகள். இந்த ஏரிகளின் அணைகளை எந்தப் பொறியாளரும் கட்டவில்லை. மழைநீர் பாறையைக் கரைத்துச் சுண்ணாம்பைச் சுமந்து வருகிறது. அருவியில் சிதறும்போது அச்சுண்ணாம்பு பாசிகளின் மேல் படிந்து இறுகுகிறது. பாசி வளர வளர, அணையும் வளர்கிறது. நீர் மாசுபட்டாலோ, மனிதக் கால்கள் மிதித்தாலோ இவ்வளர்ச்சி குன்றும். எனவே அங்கு நீராடுதல் தடை செய்யப்பட்டுள்ளது. பிரயாணிகள் மரப்பாலங்களின் மேல்தான் நடக்க வேண்டும். தடை கடுமையானதென்று முணுமுணுப்போர் உண்டு. எனக்கு அது முற்றிலும் நியாயமாகவே படுகிறது.

இனிக் கட்டடங்கள். கடற்கரை நகரமான ஸ்பிளிட்டில் ரோமச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன் எழுப்பிய மாளிகை இருக்கிறது. 305-ஆம் ஆண்டில் தாமாகவே அரியணை துறந்து, இங்கு வந்து அமர்ந்தவர் அவர். பிராச் தீவின் வெண்கல்லே மாளிகைக்குப் பயன்பட்டது. ஏழாம் நூற்றாண்டில் அருகிலிருந்த சலோனா நகரம் பகைவரால் அழிந்தபோது, அதன் மக்கள் மாளிகைச் சுவர்களுக்குள் தஞ்சம் புகுந்தனர் என்பர். அன்று முதல் மாளிகையே ஊராயிற்று. இன்றும் அதனுள் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. தூண்களுக்கிடையே துணி உலர்வதைக் காணலாம். கிறிஸ்தவர்களை வதைத்த அந்த மன்னரின் கல்லறை மண்டபம் பின்னர்க் கிறிஸ்தவத் தேவாலயமாக மாறியது. அதுவும் அவர் ஆட்சியில் உயிர்நீத்த தோம்னியஸ் என்பவரின் பெயரால்!

தெற்கே டுப்ரோவ்னிக். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் மதில் சூழ்ந்த இந்நகரம் முன்பு ரகூஸா என்னும் குடியரசாயிருந்தது. அடிமை வாணிபத்தை 1416-இலேயே தடை செய்தது. 1667-இல் நிலநடுக்கம் இதனைச் சிதைத்தது. 1991 டிசம்பர் 6-ஆம் நாள் பழைய நகரின் மீது யூகோஸ்லாவியப் படையின் குண்டுகள் பொழிந்தன. மதில்மேல் நின்று கீழே பாருங்கள்: மங்கிய பழைய ஓடுகளுக்கிடையே செக்கச்சிவந்த புதிய ஓடுகள் பரந்து கிடக்கும். எத்தனை கூரைகள் அழிந்தன என்பதை அந்த நிறவேறுபாடே சொல்லிவிடும்.

இன்றைய தொல்லை வேறு வகையானது. கோடையில் பெருங்கப்பல்கள் ஒரே காலையில் ஆயிரக்கணக்கானோரை இறக்கிவிடுவதால், நகராட்சி கப்பல்களின் வருகைக்கு வரம்பு வகுக்க நேர்ந்தது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களை விலக்கி ஜூனிலோ செப்டம்பரிலோ செல்வது நலம். செப்டம்பரில் கடல்நீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். 2023 ஜனவரி முதல் அங்கு யூரோ நாணயம் செலாவணியில் உள்ளது. அதே நாளில் ஷெங்கன் உடன்பாட்டிலும் அந்நாடு சேர்ந்துவிட்டமையால், அந்த விசா பெற்றோர் அதனைக் கொண்டே செல்லலாம். நீரில் இறங்குகையில் ரப்பர் செருப்பு அணிந்துகொள்ளுங்கள். பாறையிடுக்குகளில் முள்ளெலி போன்ற கடல்முள்ளிகள் பதுங்கியிருக்கும்.