உங்களுக்குத் தெரியுமா? ரோபோவை அடித்தால் குற்றமா?

கண்ணிவெடி என்றால் என்னவென்று வவுணதீவில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மட்டக்களப்பு மாவட்டம் அந்த அபாயத்திலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டதே 2017 இல்தான். அமெரிக்காவின் அரிசோனாவில், கண்ணிவெடியை மிதித்தே வெடிக்கவைக்கும் ரோபோ ஒன்றைச் சோதித்தார்கள். மார்க் டில்டன் என்பவர் வடிவமைத்தது. குச்சிப்பூச்சி போலப் பல கால்கள். வெடிக்கு ஒரு கால் போகும். மிச்சக் கால்களால் அடுத்ததைத் தேடி நகரும். கடைசியில் எஞ்சிய ஒற்றைக் காலால் கருகிய உடலை இழுத்துக்கொண்டு தவழ்ந்தபோது, பொறுப்பிலிருந்த கேணலால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இது மனிதத்தன்மையற்றது என்று சோதனையை நிறுத்தச் சொல்லிவிட்டார். காலிழந்த மனிதர்களோடு வாழும் நமக்கு அவர் மனம் விளங்கும். ஆனாலும், ரோபோ கொடுக்கும் ஒவ்வொரு காலும் ஒரு மனிதக் காலைக் காப்பாற்றுகிறது. நான் அந்தச் சோதனையின் பக்கம்தான்.

கனடாவை வழிப்போக்கர்களின் வாகனங்களில் ஏறியே கடந்த ‘ஹிச்பொட்’ என்ற ரோபோவை 2015 இல் பிலடெல்பியாவில் அடித்து நொறுக்கினார்கள். உலகமே வருந்தியது. சட்டத்துக்கு அது இன்னொருவரின் உடைமைக்கு வந்த சேதம், அவ்வளவுதான்.

உடைமை என்பது கையில் தொடக்கூடியதாக இருக்கவேண்டியதும் இல்லை. கேமில் களவெடுத்தாலும் களவுதான்! நெதர்லாந்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்து மிரட்டி, ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டில் அவன் வைத்திருந்த தாயத்தையும் முகமூடியையும் இரண்டு பையன்கள் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். கணினிக்குள் மட்டுமே இருக்கும் பொருளானாலும் அது திருட்டே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012 இல் உறுதிசெய்தது.

‘டிட்ரொயிட்: பிகம் ஹியூமன்’ என்ற விளையாட்டு 2019 இல் கணினிக்கு வந்தது. மனித உருவ ரோபோக்கள் விடுதலை கேட்கும் கதை. அதை விளையாடிவிட்டு ரோபோவுக்கும் உரிமை வேண்டும் என்று வாதாடும் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். இரக்கம் எந்த வழியில் வந்தாலும் நல்லதே.

வழக்காட உயிர் வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டின் பத்தூரிலிருந்து கடத்தப்பட்ட நடராசர் சிலைக்காகச் சிதைந்து கிடந்த கோவிலே லண்டனில் வாதியானது. 1991 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. ரோபோக்களுக்கும் ‘மின்னணு நபர்’ என்ற தகுதி தரலாமா என்று ஆராயுமாறு ஐரோப்பிய நாடாளுமன்றம் 2017 இல் கேட்டது. அதிநவீன ரோபோ சேதம் விளைவித்தால் யார் பொறுப்பு என்பதே அங்கு முக்கிய கவலை. ரோபோவின் வலி அல்ல.

வலிக்கும் உயிர்களுக்கு நம் நாட்டில் என்ன பாதுகாப்பு? மிருகவதையைத் தடுக்க 1907 இல் வந்த கட்டளைச் சட்டத்தில் உச்ச அபராதம் 100 ரூபாய். இன்று ஒரு இறாத்தல் பாணுக்கும் அது போதாது. சட்ட ஆணைக்குழு 2006 இல் புதிய சட்டமூலம் வரைந்தது; அமைச்சரவை அங்கீகரிக்கவே 2016 ஆகிவிட்டது. படுவான்கரை வயல்வெளியில் கட்டாக்காலி மாட்டுக்கு விழும் வெட்டுக்கும் அதன்மேல் ஊற்றப்படும் கொதிநீருக்கும் 100 ரூபாயா விலை? ரோபோவுக்காகக் குரல் கொடுக்கும் இளையவர்களே, முதலில் இந்த மாடுகளுக்காகக் கேளுங்கள்.