பொருநையின் கெண்டை

நுழையும்முன்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே தோன்றி முடியும் வற்றாத ஆறாகும். இவ்வாற்றுப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத ஒரு கெண்டைமீனைப் பற்றி இப்பாடம் விளக்குகிறது.

பெயரும் தோற்றமும்

மீனியல் அறிஞர் இ. ஜி. சைலஸ் 1954ஆம் ஆண்டில் இம்மீனை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். ஆற்றின் பெயரையே மீனுக்கும் சூட்டினார். காவிரிப் படுகையில் வாழும் ஒரு கெண்டையின் உட்பிரிவாகவே இது முதலில் கருதப்பட்டது. பின்னர்த் தனியினமாக ஏற்கப்பட்டது. இன்று 'டாகின்சியா தாம்பிரபர்ணியை' என வழங்கப்படுகிறது.

ஒரு சாணுக்கும் குறைவான நீளமுடைய இம்மீனின் வெள்ளி நிற உடலில் கரிய திட்டுகள் காணப்படும். முதிர்ந்த ஆண்மீனின் முதுகுத்துடுப்புக் கதிர்கள் இழைகளாக நீண்டு அழகூட்டும். அவ்வழகே அதற்குப் பகையாயிற்று. வண்ணமீன் வணிகத்திற்காகவும் இது பிடிக்கப்படுகிறது.

வாழ்வும் இனப்பெருக்கமும்

கல்லும் கூழாங்கல்லும் நிறைந்த தெளிந்த ஓட்டநீரே இதன் வாழிடம். பாசியும் சிறு பூச்சிகளும் இதன் உணவு. கடற்குதிரை, குழல்மீன் ஆகியவற்றில் ஆண்மீனே முட்டைகளைச் சுமந்து காக்கும். கெண்டைகளோ முட்டைகளைக் கற்களுக்கும் நீர்த்தாவரங்களுக்கும் இடையே சிதறவிட்டு நீங்கிவிடும். ஆகவே, முட்டைகளைக் காக்கும் பொறுப்பு ஆற்றுப்படுகையைச் சார்ந்ததாகிறது. படுகை கலங்கிச் சேறு படிந்தால், உயிர்வளி கிடைக்காமல் முட்டைகள் அழியும்.

இடர்களும் காப்பும்

மணல் அள்ளுதல் படுகையைச் சிதைக்கிறது. அணைகள் மீன்களின் வழியை மறிக்கின்றன. வெடியும் நஞ்சும் இட்டு மீன்பிடிக்கும்போது குஞ்சுகளும் மடிகின்றன. திலேப்பியா போன்ற அயல்மீன்கள் உணவுக்குப் போட்டியிடுகின்றன. இக்கெண்டையைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல், அழியும் நிலையிலுள்ள இனங்களுள் ஒன்றாகக் குறித்துள்ளது.

ஆற்றின் மேற்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தினுள் அமைந்திருப்பது ஓர் அரணாகும். சமவெளிப் பகுதிக்கு அத்தகைய அரணில்லை. 2010ஆம் ஆண்டில் முதுபெரும் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுகள் தடை விதித்தது. அத்தீர்ப்பு மனிதரின் நீர்த்தேவைக்காகக் கேட்டுப் பெறப்பட்டதெனினும், மீன்களுக்கும் அதனால் நன்மை உண்டு.

பாபநாசம் படித்துறையில் நீராட வருவோர் மீன்களுக்குப் பொரி இடுகின்றனர்; அதே துறையில் உடுத்திய துணிகளை ஆற்றில் விட்டும் செல்கின்றனர். மீனுக்கு இரையிடுவது அறமெனில், அதன் நீரை மாசுபடுத்தாதிருப்பது அதனினும் பெரிய அறமன்றோ?

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் நீர்நிலைகளில் வாழும் மீன்களின் வட்டாரப் பெயர்களை முதியோரிடம் கேட்டறிந்து தொகுக்க. அவற்றுள் இன்று காணக்கிடைக்காதவை எவை எனக் கண்டறிந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.