உடனிருந்து காப்போர்

‘மாடு’ என்னும் சொல் தமிழில் செல்வத்தையும் குறிக்கும். அதன் உண்மையைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்றும் காணலாம். மழையையும் கண்மாயையும் நம்பிய அம்மண்ணில், விளைவு பொய்த்த ஆண்டிலும் குடும்பத்தைத் தாங்குவன பசுவும் ஆடுமே. தச்சங்குறிச்சி முதலிய ஊர்களில் வாடிவாசல் காணும் காளைகளோ வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்ப வளர்க்கப்படுகின்றன. இத்தகைய உயிருக்கு அறுவை மருத்துவம் வேண்டப்படின், வளர்ப்போர் செய்யத்தக்கன யாவை?

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவில், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். மனிதர் தம் நோவைத் தாமே உரைப்பர், விலங்கு உரைக்காது. ஆதலின், நான்காம் கூறாகிய வளர்ப்போரே நோயாளியின் வாயாகவும் அமைதல் வேண்டும்.

தெருவில் மேயும் பசு, எஞ்சிய உணவோடு பிளாஸ்டிக் பையையும் விழுங்கிவிடுகிறது. அது செரிப்பதில்லை; அசையிரைப்பையில் திரண்டு அடைத்துக்கொள்கிறது. அசைபோடுதல் குறையும், வயிறு உப்பும், பால் வற்றும். அந்நிலையில் மருத்துவர் பெரும்பாலும் பசுவை நிற்கவைத்தே, இடவிலாவை மரத்துப்போகச் செய்து, இரைப்பையைத் திறந்து அடைப்பை அகற்றுவர்.

நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு முன் உணவை நிறுத்துதல் இன்றியமையாதது. மயக்கமுற்ற விலங்கின் வயிற்றிலுள்ள உணவு மேலெழுந்து மூச்சுக்குழலில் புகுமாயின் உயிருக்கே இறுதியாகும். நாய்க்குப் பெரும்பாலும் முன்னிரவோடு உணவு நிறுத்தப்படும். மாட்டின் பெருவயிறு எளிதில் வெறுமையாகாது. ஆதலின் ஒருநாளோ அதற்கு மேலோ தீவனம் நிறுத்தப்படும். இளங்குட்டிகள் நெடும்பசி தாங்கா. எனவே, கால அளவை மருத்துவரே வரையறுத்தல் வேண்டும். விலங்கின் வயது, சினை, முன்னர் உண்ட மருந்து ஆகியவற்றை மறையாது கூறுதல் வளர்ப்போர் கடன்.

அறுவைக்குப் பின் உலர்ந்த, தூய இடத்தில் விலங்கைக் கட்டுதல் வேண்டும். ஈ மொய்த்தால் புண்ணில் புழு வைக்கும். நாய் தையலை நக்கிப் பிரிக்காதவாறு கழுத்தில் காப்பு வளையம் அணிவிப்பர். புண் வீங்கினும், சீழ் கசியினும், விலங்கு உணவை வெறுப்பினும் உடனே மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும். 1962 என்னும் எண்ணில் அழைப்போர்க்கு நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியும் கிட்டும்.

மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. புண் ஆறியதுபோல் தோன்றியவுடன் மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. மனிதர் உண்ணும் மாத்திரையைக் கொடுத்தலும் தீது. காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சாகும். நுண்ணுயிர்க்கொல்லி பெற்ற பசுவின் பாலை, மருத்துவர் குறித்த நாள் கழியும்வரை விற்றலும் பருகுதலும் கூடா.

மருந்தின் பிழை ஓர் உயிரோடு நில்லாது. மாடுகளின் வலி தீர்க்க டைக்குளோஃபினாக் என்னும் மருந்து வழங்கப்பட்டது. அதனைப் பெற்று இறந்த மாடுகளைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இலட்சக்கணக்கில் மடிந்தன. ஆதலின் இந்திய அரசு 2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. கழுகுகளுக்குத் தீங்கிழைக்காத மெலாக்சிகாம் மாற்றாகப் பயன்படுகிறது.

கத்தி பிடிப்பது மருத்துவர் கை. அதன்பின் பல நாள் காப்பது வளர்ப்போர் கை. இரண்டும் ஒன்றுபட்டவிடத்தே வாயில்லா உயிர் பிழைக்கும்.