புள்ளிக்கோலமும் சுழலும் வடிவங்களும்

தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் கற்பித்த கிஃப்ட் சிரோமணி, வாசற்கோலத்தை ஆய்வேட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர். 1974-ல் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து, கோலங்களை உருவாக்கும் விதிகளைக் கணினிக்கான இலக்கணமாக எழுதினார். ஏழாம் வகுப்பு மாணவருக்கும் அதே கோலத்தில் ஒரு பாடம் இருக்கிறது: எதிரொளிப்பு, சுழற்சி, இடப்பெயர்வு.

இந்த மூன்றின் பெயரையும் மாணவர்கள் எளிதில் சொல்லிவிடுவார்கள். ஒரு படத்தையும் அதன் பிம்பத்தையும் காட்டி, நடந்தது எது என்று கேட்டால்தான் திணறல். எதிரொளிப்பின் கண்ணாடியாக நிற்கும் ஆடிக்கோட்டை முன்பே வரைந்து கொடுத்துவிட்டுக் கேட்பதால் வரும் வினை இது. அந்தக் கேள்வியில் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை.

எடுத்துக்கொள்ளும் வடிவமும் முக்கியம். ‘ப’ என்ற எழுத்தை இடவலமாகப் புரட்டினாலும் ‘ப’தான், நகர்த்தினாலும் ‘ப’தான். ‘க’ அப்படி ஏமாற்றாது.

உறுதியான சோதனை ஒன்று உண்டு. பக்க அளவுகள் மூன்றும் வேறுபட்ட ஒரு முக்கோணத்தின் முனைகளுக்கு அ, ஆ, இ என்று பெயரிட்டு, அதே வரிசையில் சுற்றிவர வேண்டும். மூலப்படத்தில் கடிகாரத் திசையில் போன வரிசை, பிம்பத்தில் எதிர்த்திசையில் போனால் வடிவம் புரண்டிருக்கிறது. அங்கே எதிரொளிப்பு இருக்கிறது. திசை மாறவில்லையா? ஒவ்வொரு முனையையும் அதன் பிம்பத்தோடு கோட்டால் இணைக்கலாம். எல்லாக் கோடுகளும் ஒரே நீளத்தில், ஒரே திசையில் போனால் இடப்பெயர்வு. இல்லையென்றால் சுழற்சி. அப்போது இரண்டு கோடுகளின் மையக்குத்துக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியே சுழல்மையம்.

ஈரமணலில் நடந்தவரின் காலடித் தடம் மட்டும் இந்த மூன்றில் அடங்காது. இடது தடம் புரண்டு, முன்னே நகர்ந்து வலது தடமாகிறது. எதிரொளிப்பும் இடப்பெயர்வும் சேர்ந்த நான்காவது வகை இது.

இப்போது கோலத்துக்கு வரலாம். இரு சமபக்க முக்கோணங்களைப் பின்னிய நட்சத்திரக் கோலத்துக்கு ஆறு ஆடிக்கோடுகள். 60° திருப்பினாலும் அச்சாகப் பொருந்தும். வாசற்படி ஓரத்தில் ஒரே பூவைத் திரும்பத் திரும்ப இழுக்கும் கரை, இடப்பெயர்வு. சிக்குக் கோலங்களில்தான் உண்மையான விருந்து. அவற்றில் சில, 90° திருப்பினால் தம் மேலேயே பொருந்தும். கண்ணாடியில் காட்டினால் பொருந்தாது. மின்விசிறி இறக்கைகளைப் போல வளைவுகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பியிருப்பதுதான் காரணம்.

இந்த வகைகள் ஒன்றுக்கொன்று அந்நியமானவையும் அல்ல. இணையான இரு ஆடிக்கோடுகளில் அடுத்தடுத்து எதிரொளித்தால், அவற்றின் இடைவெளியைப் போல இருமடங்கு தூரத்துக்கு இடப்பெயர்வு கிடைக்கும். கோடுகள் வெட்டிக்கொண்டால், இடைக்கோணத்தின் இருமடங்குச் சுழற்சி. இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணத்தில் நிறுத்தி, அவை சேரும் மூலையைப் பார்த்து வலக்கையை உயர்த்தினால், உள்ளே தெரிபவரும் தம் வலக்கையைத்தான் உயர்த்துவார். அது 180° சுழற்சி.