நான்காவது வாரத்து மூடை: இறைச்சிக் கோழிக்கு மாற்றுத் தீன்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தபோது, வீட்டோடு மரக்கறித் தோட்டத்தையும் மாட்டுப் பட்டியையும் விட்டு வந்த குடும்பங்கள் எம்மிடையே பல உள்ளன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்களை மண் மூடியதையும் மலையகம் மறக்கவில்லை. இப்படி வந்த குடும்பம் மீண்டும் ஒரு துண்டுக் காணி கிடைக்கும்வரை எதையாவது செய்தாக வேண்டும். சிறிய கொட்டில் போதும், ஆறு வாரத்தில் காசு கிடைக்கும் என்பதால் பலர் இறைச்சிக் கோழியை நாடுகிறார்கள்.

குஞ்சுகளும் முதல் மூடைத் தீனும் பெரும்பாலும் உதவியாக வந்துவிடும். சிக்கல் அந்த மூடை முடிந்த பிறகுதான். ஐம்பது குஞ்சு வளர்த்த ஒரு குடும்பத்தினர், மூடை சீக்கிரம் முடிந்துவிடுமே என்று பயந்து முதல் வாரத்திலேயே பாதிக்குப் பாதி தேங்காய்ப் புண்ணாக்கைக் கலந்துவிட்டார்கள். குஞ்சுகள் கழிந்தன, இறகு பிடிக்கவில்லை, பத்து நாளில் பத்தொன்பது செத்தன. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். மிச்சம் பிடிக்க வேண்டிய காலத்தைத் தவறாகக் கணித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு புறொயிலர் குஞ்சு முதல் மூன்று வாரத்தில் தின்பது ஏறக்குறைய ஒரு கிலோ, அதற்குச் சற்று மேல். ஆறு வாரம் முடியும்போது அது தின்று முடித்தது 4 கிலோவுக்கு மேல் இருக்கும். அதாவது தீனில் முக்கால் பங்கு மூன்றாம் வாரத்துக்குப் பிறகே செலவாகிறது. குஞ்சின் எலும்பும் குடலும் அமையும் முதல் மூன்று வாரத்தில் நூற்றுக்கு 22 வீதமளவு புரதம் தேவை. அப்போது கடைத் தீனைத் தவிர வேறெதுவும் கொடுக்க வேண்டாம். சிக்கனமெல்லாம் நான்காவது வாரத்தில் தொடங்கட்டும். அப்போது 19 வீதப் புரதம் போதும், குடலும் தவிட்டைத் தாங்கும்.

மாற்றுத் தீன் என்பது புதிய மோகம் அல்ல. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது சோள விளைச்சல் விழுந்தது. 2022இல் டொலர் இல்லாமல் வெளிநாட்டுச் சோளமும் சோயாவும் வருவது சுருங்கியது. கோழித்தீன் விலை ஏறிய ஏற்றத்தில் சிறு பண்ணைகள் பல மூடப்பட்டன. கோழி வளர்ப்புச் செலவில் நூற்றுக்கு 60 முதல் 70 வீதம் தீனுக்கே போவதால், அந்த அடியைத் தாங்க எவராலும் முடியவில்லை.

அப்படியென்றால் எதைக் கலப்பது? இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது உடலுக்குச் சூடும் பலமும் தரும் மாச்சத்தா, அல்லது தசை வளர்க்கும் புரதமா? இரண்டும் வேண்டும். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் முதலாவது.

குறுணல் அரிசி சோளத்துக்கு நல்ல மாற்று. புரதம் 8 வீதமளவில் உண்டு. மரவள்ளிக் கிழங்கும் பலம் தரும். ஆனால் புரதம் 3 வீதம்கூட இராது, பச்சைக் கிழங்கில் நஞ்சும் உண்டு. தோல் சீவி, மெல்லியதாக அரிந்து, முறியும்வரை வெயிலில் காய வைத்து இடிக்க வேண்டும். கினிகத்தேனைப் பக்கம் இது நடக்கும். பனி மூடிய நுவரெலியாவில் காய்வதற்கு முன் பூஞ்சணம் பிடித்துவிடும். அங்குள்ளவர்களுக்குச் சிறு உருளைக்கிழங்கு உதவும்: அவித்து, நீரை வடித்துக் கொடுங்கள். பச்சை நிறம் ஏறியதையும் முளை விட்டதையும் எறிந்துவிடுங்கள். முகாமில் மிஞ்சும் சோற்றை அன்றே கொடுக்கலாம்; கறி கலந்தது உப்பு, புளித்தது நோய்.

அரிசித் தவிட்டில் 12 வீதப் புரதம் உண்டு. ஆனால் அதில் எண்ணெய் அதிகம், சில வாரங்களில் கசந்துவிடும். கையில் எடுத்து முகர்ந்து பார்த்து, புதியதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். தேங்காய்ப் புண்ணாக்கில் 20 வீதமளவு புரதம் உண்டென்றாலும் நார் அதிகம், தசைக்கு வேண்டிய சில சத்துகள் குறைவு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

புண்ணாக்கில் பயப்பட வேண்டியது பூஞ்சணம். 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் இறந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டார்கள். அதுதான் அஃப்லாடொக்சின். அவித்தாலும் வெயிலில் வைத்தாலும் அது போகாது. எமது ஈரக் காற்றில் மூடையை மண் தரையில் வைக்காமல் பலகையில், சுவரைத் தொடாமல் வையுங்கள்.

இனிப் புரதம். உப்பிடாத மீன் தூள் மிக நல்லது. கடையில் மலிவாகக் கிடைக்கும் கருவாட்டுத் தலையை அப்படியே இடித்துப் போடாதீர்கள்: கோழியின் தீனில் உப்பு அரை வீதத்தைத் தாண்டக் கூடாது, கடைத் தீனிலேயே உப்பு இருக்கிறது. சோயா அவரை சொந்தமாகக் கிடைத்தால் வறுத்தே கொடுக்க வேண்டும். பச்சைச் சோயா புரதம் செரிப்பதைத் தடுக்கும். அசோலாவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நல்ல செடிதான், ஆனால் பத்துக் கிலோ பச்சை அசோலா காய்ந்தால் அறுநூறு கிராம்தான் மிஞ்சும், கடுங்குளிரில் பெருகுவதும் மந்தம். கீரையைப் போல ஒரு கை போடலாம், மூடைக்கு ஈடாகாது. சுற்றிலும் தேயிலை கிடக்கிறதே என்று கழிவுத் தேயிலையைக் கலக்க நினைப்பவர்களும் உண்டு. வேண்டாம், அதன் துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பிடித்துக்கொண்டு செரிக்க விடாது.

நூறு கிலோவுக்குக் கணக்குப் பார்ப்போம். 19 வீதப் புரதமுள்ள கடைத் தீன் 70 கிலோ, தவிடு 10, புண்ணாக்கு 10, மரவள்ளித் தூள் 10 என்று கலந்தால் புரதம் 17 வீதத்துக்குக் கீழே இறங்கும். மரவள்ளிக்குப் பதில் குறுணல் 5 கிலோவும் 50 வீதப் புரதமுள்ள மீன் தூள் 5 கிலோவும் சேர்த்தால் மீண்டும் 19 வீதத்தைத் தாண்டிவிடும். கடைத் தீனை 70 கிலோவுக்குக் கீழே இறக்க வேண்டாம் என்கிறோம். புரதம் சரியாக வந்தாலும் விற்றமினும் கனிமமும் குறைந்துவிடும். புதிய கலவைக்கு நான்கைந்து நாளில் படிப்படியாக மாறுங்கள்.

மலையில் இன்னொரு விடயம் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். காற்று மெல்லியது, குளிர் அதிகம். வேகமாக வளரும் புறொயிலரின் இதயம் இதைத் தாங்காமல் வயிற்றில் நீர் கட்டும். கொண்டை நீலம் பாய்ந்து, மூச்சு வாங்கிச் சாகும். நன்றாகக் கொழுத்த கோழியே முதலில் போகும். இங்கே சற்று மெதுவான வளர்ச்சி நட்டமல்ல, பாதுகாப்பு. மேட்டு நிலத்தில் குருணைத் தீனை விடத் தூள் தீன் நல்லது. ஆனால் குளிருக்கென்று நாலு பக்கமும் சாக்கால் அடைத்துவிடாதீர்கள். கீழ்ப் பாகத்தை மூடி, கூரையடியில் காற்றுப் போக வழி விடுங்கள். முதல் வாரத்தில் குஞ்சின் அருகே 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். அது இல்லாவிட்டால் குஞ்சு தின்னும் தீன் உடலைச் சூடாக்கவே போய்விடும்.

கலவை மலிவு என்பதற்காக இலாபம் என்று எண்ண வேண்டாம். கடைத் தீனில் 4 கிலோ தின்று வரும் எடைக்கு, கலவையில் 4.8 கிலோ தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைத் தீன் கிலோ 300 ரூபாவானால், கலவை 250 ரூபாவுக்குக் கீழே முடிந்தால்தான் மிச்சம். உங்கள் கோழிக்கு எவ்வளவு தேவைப்படும் என்பதை உங்கள் கொட்டிலே சொல்லும். நான்காம் வாரத்தில் பத்துக் கோழியின் காலில் நூல் கட்டித் தனியாக அடைத்து, அவற்றுக்கு மட்டும் கலவையைக் கொடுங்கள். கொடுத்த தீனை எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை இரு பக்கத்தையும் நிறுத்துப் பாருங்கள். மரக்கறிக் கடைத் தராசு போதும். கழிச்சலோ சாவோ கண்டால் கலவையை நிறுத்திவிட்டு, செத்த கோழி ஒன்றைப் பையில் கட்டி அன்றே அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். நாள் கடந்தால் அழுகிவிடும், காரணம் காண முடியாது.