கூடு சிக்கியது எதனால்?

1967-ல் வியட்நாமின் கேசான் குன்றுகளில் நடந்த சண்டையில், அமெரிக்க மரைன்கள் பலரின் புத்தம்புது எம்-16 துப்பாக்கிகள் பாதியில் நின்றுபோயின. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு குழலின் பின்புற அறையிலேயே இறுகிக்கொண்டது. துப்புரவுக் கம்பியைக் குழல் முனைவழியே விட்டுக் குத்தித் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். எதிரே ஏகே-47 வகைத் துப்பாக்கிகள் முழங்கிக்கொண்டிருந்தன.

தோட்டா வெடிக்கும்போது எழும் வாயுதான் இரண்டு துப்பாக்கிகளையும் இயக்குகிறது. ஏகே-47-ல் அந்த வாயு, குழலுக்கு மேலிருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனும் அதோடு பிணைந்த கனமான பாகமும் சேர்ந்து பின்னுக்கு ஓடுவதால் சேறும் மணலும் எளிதில் தடுப்பதில்லை. ஆனால் அத்தனை கனம் மேலே முன்னும் பின்னும் மோதுவதால், தொடர்ந்து சுடும்போது குறி அலைபாயும்.

யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த எம்-16-ல் தனிப் பிஸ்டன் தண்டு இல்லை. மெல்லிய குழாய் ஒன்று வாயுவை, தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டைச் சுமக்கும் பாகத்துக்குள்ளேயே கொண்டுவருகிறது. எடை குறைவு, அசைவும் குழலின் நேர்கோட்டிலேயே நடப்பதால் குறி தப்புவது குறைவு. ஆனால் வாயுவோடு புகைக்கரியும் இயந்திரத்தின் வயிற்றுக்குள் வந்து சேரும்.

கரியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. முதலில் சோதிக்கப்பட்ட வெடிமருந்தை மாற்றி, உருண்டை வடிவ மருந்தை ராணுவம் ஏற்றது. வாயுத் துளையில் அழுத்தம் கூடியது, சுடும் வேகமும் கூடியது. விளைவு, போல்ட் முன்கூட்டியே திறக்க முயன்றது. அந்த நொடியில் பித்தளைக் கூடு வெடிப்பின் அழுத்தத்தில் உப்பி, அறைச் சுவரை இன்னும் கவ்விக்கொண்டிருக்கும். இழுக்கும் கொக்கி கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கூடு உள்ளேயே நிற்கும். அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. வியட்நாம் ஈரத்தில் துருப்பிடித்துச் சொரசொரத்த சுவர், கூட்டை மேலும் இறுக்கியது. இவ்வளவுக்கும் நடுவே, துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் கருவிகள்கூடப் போதிய அளவில் வீரர்களுக்குத் தரப்படவில்லை. இது மன்னிக்க முடியாத அலட்சியம்.

ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு அதே ஆண்டில் விசாரித்து, மருந்தை மாற்றிய முடிவைக் கடுமையாகச் சாடியது. அறைக்குக் குரோமியம் பூசினார்கள்; பின்னோட்டத்தைத் தணிக்கும் பஃபரைத் திருத்தினார்கள். பராமரிப்பைக் கற்பிக்க, ஓவியர் வில் ஐஸ்னரின் படக்கதைக் கையேடு 1968-ல் வந்தது. ஸ்டோனரின் வாயுக் குழாய் முறையில் யாரும் கைவைக்கவில்லை. பின்னால் வந்த எம்-4 துப்பாக்கியிலும் அதே முறைதான்.